மரப்பெட்டி வால்வு ரேடியோ: வயதையும் வம்சத்தையும் கண்டுபிடிப்பது எப்படி?

பழைய மரப்பெட்டி ரேடியோ ஒன்று கைக்கு வந்ததும் எல்லோருக்கும் முதலில் தோன்றுவது, பிளக்கைச் செருகிப் பார்ப்போமே என்பதுதான். தயவுசெய்து வேண்டாம். பல பத்தாண்டுகள் சும்மா கிடந்த செட்டுக்குள் என்னென்ன கெட்டிருக்கும் என்று பின்னால் சொல்கிறேன். இப்போதைக்கு ஒயரைச் சுற்றி ஓரமாக வைத்துவிட்டு, ஒரு டார்ச்சையும் மெல்லிய பிரஷையும் எடுத்துக்கொள்ளுங்கள். அந்தப் பெட்டி எந்தக் காலத்தது, யார் செய்தது, உள்ளே இருப்பது அதன் சொந்தச் சரக்குதானா என்பதையெல்லாம் மின்சாரம் இல்லாமலே பெரும்பாலும் சொல்லிவிடலாம்.

நாம் பேசுவது சுமார் 1930 முதல் 1960-களின் தொடக்கம் வரை வந்த மேஜை ரேடியோக்களைப் பற்றி. 1954-ல் ரீஜென்சி டிஆர்-1 என்ற டிரான்சிஸ்டர் ரேடியோ சந்தைக்கு வந்தது. அதற்குப் பத்துப் பதினைந்து வருடங்களில் வால்வு செட்டுகளின் காலம் அநேகமாக முடிந்துவிட்டது. இடைப்பட்ட முப்பது வருடங்களில் வந்த மாடல்கள் ஆயிரக்கணக்கில் இருக்கும். அத்தனையையும் மனப்பாடம் செய்ய யாராலும் முடியாது, தேவையும் இல்லை. புதிதாகச் சேகரிக்க வருகிறவர்கள் பெட்டியின் அழகைப் பார்த்து வயதைக் கணிப்பார்கள். பெட்டியை மாற்றலாம், மெருகேற்றலாம், புதிதாகவே செய்துவிடலாம். டயலிலும் வால்வு சாக்கெட்டிலும் யாரும் அவ்வளவு சுலபமாகக் கைவைப்பதில்லை. அதனால் நம்ப வேண்டியது அவை இரண்டையும்தான்.

உள்ளே நடப்பது என்ன?

வால்வு என்பது காற்றை உறிஞ்சி எடுத்துவிட்ட கண்ணாடிக் குழாய். உள்ளே ஒரு இழை சூடாகும். அந்தச் சூட்டில் கேத்தோடு என்ற முனையிலிருந்து எலெக்ட்ரான்கள் கிளம்பி, உயர் மின்னழுத்தத்தில் இருக்கும் ஆனோடு என்ற எதிர்முனையை நோக்கி ஓடும். இடையில் ஒரு கம்பி வலை. அந்த வலையில் ஏற்படும் சிறு மின்னழுத்த மாற்றம், ஓடுகிற எலெக்ட்ரான் கூட்டத்தைப் பெரிய அளவில் கூட்டிக் குறைக்கும். பெருக்கம் என்பது அவ்வளவுதான். வலை இல்லாத வால்வை ஃபிளெமிங் 1904-ல் செய்தார். வலையை 1906-ல் சேர்த்தவர் லீ டி ஃபாரஸ்ட்.

மேஜை ரேடியோக்களில் பெரும்பாலானவை சூப்பர்ஹெட் வகை. 1918-ல் ஆம்ஸ்ட்ராங் உருவாக்கிய முறை இது. நீங்கள் 1000 கிலோஹெர்ட்ஸ் நிலையத்துக்கு முள்ளைத் திருப்பினால், ரேடியோ தனக்குள்ளேயே 1455 கிலோஹெர்ட்ஸில் ஒரு அலையை உண்டாக்கும். இரண்டையும் கலந்தால் வித்தியாசம் 455. நிலையத்தை மாற்றினால் உள் அலையும் கூடவே நகரும், வித்தியாசம் மட்டும் 455-லேயே நிற்கும். ஆக, ஒரே ஒரு அலைவரிசையை மட்டும் நன்றாகப் பெருக்கத் தெரிந்தால் போதும், எல்லா நிலையமும் பிடிபட்டுவிடும். கலக்க ஒன்று, 455-ஐப் பெருக்க ஒன்று, ஒலியைப் பிரித்தெடுத்து முதல் தடவை பெருக்க ஒன்று, ஸ்பீக்கரை ஓட்ட ஒன்று, மின்சாரத்தை டிசியாக்க ஒன்று. ஐந்து வால்வு செட் என்று எங்கு பார்த்தாலும் எழுதியிருப்பதன் கணக்கு இதுதான்.

வால்வு எண்ணிக்கை கூடினால் ரேடியோ உசத்தி என்று ஒரு நம்பிக்கை அன்றே இருந்தது. 1930-களில் சில கம்பெனிகள் அதைக் காசாக்கிக்கொண்டன: பெரிதாக எந்த வேலையும் செய்யாத வால்வு ஒன்றிரண்டைச் செருகிவைத்து, பத்து வால்வு ரேடியோ என்று விளம்பரம் செய்தன.

பெட்டியின் வடிவம்

1920-களின் செட்டுகள் நீளமாக, தாழ்வாக, மேலே மூடியோடு இருக்கும். முகப்பில் மூன்று டயல்கள். ஒரு நிலையத்தைப் பிடிக்க மூன்றையும் தனித்தனியாகத் திருப்ப வேண்டும். ஸ்பீக்கர் பெட்டிக்குள் இருக்காது, தனியாகக் குழல் மாதிரி பக்கத்தில் நிற்கும். மின்சாரம் பேட்டரியிலிருந்து வரும். ஏசியில் நேரடியாக எரியும் வால்வுகள் 1927 வாக்கில் பரவத் தொடங்கிய பிறகுதான் எல்லாமே ஒரே பெட்டிக்குள் அடங்க வழி பிறந்தது.

1930-ஐ ஒட்டி வந்தது கதீட்ரல் வடிவம், அதாவது தலைப்பகுதி வளைவாக, தேவாலய ஜன்னல் போல. 1931-ல் பில்கோ என்ற அமெரிக்கக் கம்பெனி விட்ட 90 என்ற மாடல் இதற்குப் பேர்போனது. இந்த உயரம் வெறும் அலங்காரம் அல்ல. வால்வுகளும் மற்ற பாகங்களும் பொருத்திய கனமான உலோகத் தட்டு, அதாவது சேசிஸ், கீழே, பெரிய ஸ்பீக்கர் அதற்கு மேலே என்று அடுக்கினால் பெட்டி உயரத்தான் செய்யும். அடுத்த சில வருடங்களில் வளைவு போய், தலை தட்டையாகி, உயரம் மட்டும் மிஞ்சியது. சேகரிப்பாளர்கள் இதை டூம்ஸ்டோன், அதாவது கல்லறைக் கல் என்பார்கள். 1930-களின் பிற்பாதியில் ஸ்பீக்கர் சேசிஸுக்குப் பக்கத்தில் வந்து உட்கார, பெட்டி அகலமாகப் படுத்துவிட்டது. பிறகு கடைசி வரை அந்த வடிவம்தான்.

இந்த வரிசை அமெரிக்க செட்டுகளுக்கு நன்றாகப் பொருந்தும். பிரிட்டனில் மர்ஃபி கம்பெனிக்குப் பெட்டி வடிவமைத்தவர் ஆர்.டி. ரஸ்ஸல் என்ற மரச்சாமான் வடிவமைப்பாளர்; அவர் கையில் வந்த பெட்டிகள் அலங்காரம் இல்லாமல் நல்ல அலமாரி போல எளிமையாக இருக்கும். 1950-களின் ஜெர்மன் செட்டுகளை, கிருண்டிக், சாபா, டெலிஃபுங்கன், நோர்ட்மெண்டே எதுவானாலும், தூரத்திலிருந்தே கண்டுபிடித்துவிடலாம். அகலமான உடம்பு, முகம் பார்க்கிற அளவு பளபளப்பு, பொன்னிறப் பட்டைகள், கீழே பியானோ கட்டை போல ஒரு வரிசைப் பொத்தான்கள். பல மாடல்களில் இரு பக்கமும் கூடுதல் ஸ்பீக்கர் இருக்கும்.

டயலைப் படிப்பது

எனக்குப் பிடித்த பகுதி இது. ரேடியோ விற்ற காலத்தில் வானில் எந்தெந்த நிலையம் எங்கிருந்தது என்பது டயலில் அச்சாகியிருக்கிறது. அதைப் பொய்யாக்குவது கஷ்டம்.

அமெரிக்க செட் என்றால் முதலில் மீடியம் வேவ் எங்கே முடிகிறது என்று பாருங்கள். 1941 மார்ச்சில்தான் அந்தப் பட்டை அதிகாரபூர்வமாக 1600 கிலோசைக்கிள் (கிலோஹெர்ட்ஸின் பழைய பெயர்) வரை நீண்டது. டயல் 1500-லேயே நின்றுவிட்டால் பெரும்பாலும் அதற்கு முந்தியது. இதையே தலைகீழாகச் சொல்ல முடியாது. போலீஸ் ஒலிபரப்பைக் கேட்பதற்காக 1930-களிலேயே 1700 தாண்டிப் போன டயல்கள் உண்டு. போலீஸ், விமானம் என்று எழுதிய பட்டைகள் தெரிந்தால் 1930-கள் என்று தாராளமாக ஊகிக்கலாம்.

அடுத்து, 640-க்கும் 1240-க்கும் நேராகச் சிறு முக்கோணங்கள் இருக்கின்றனவா? பனிப்போர்க் காலத்தில், விமானத் தாக்குதல் வந்தால் நிலையங்கள் எதிரிக்கு வழிகாட்டிவிடக் கூடாது என்று அமெரிக்கா ஒரு ஏற்பாடு செய்திருந்தது. அவசரத்தின்போது இந்த இரண்டு இடங்களில் மட்டுமே ஒலிபரப்பு நடக்கும். கோனல்ராட் என்று அதற்குப் பெயர். அங்கு விற்கும் ரேடியோக்களில் 1953 முதல் 1963 வரை இந்தக் குறி கட்டாயம். முக்கோணம் தெரிந்தால் அந்தப் பத்து வருடத்துக்குள் அடக்கிவிடலாம்.

பண்பலை இருந்தால் அதன் எண்களைப் படியுங்கள். இன்று நாம் கேட்கும் 88 முதல் 108 மெகாஹெர்ட்ஸ் ஏற்பாட்டை அமெரிக்கா 1945-ல் தான் கொண்டுவந்தது. அதற்கு முன் அங்கே பண்பலை 42 முதல் 50 வரை இருந்தது. டயலில் 42–50 அச்சாகியிருந்தால் அது 1940-களின் தொடக்கத்துச் செட், அபூர்வமும்கூட. 1942 ஏப்ரலில் அங்கே பொதுமக்களுக்கான ரேடியோ உற்பத்தியே நிறுத்தப்பட்டுவிட்டதால், அந்தப் பட்டையோடு வந்தவை குறைவு.

ஐரோப்பிய டயலில் எண்களைவிட ஊர்ப்பெயர்கள் அதிகம் இருக்கும்: ஹில்வர்சம், லக்சம்பர்க், பெரோமூன்ஸ்டர், டிராய்ட்விச். இதுவும் வயதுச் சான்றுதான். பிபிசியின் டிராய்ட்விச் நிலையம் வந்தது 1934-ல். நெட்டலை (லாங் வேவ்) பட்டையில் அந்தப் பெயர் இருந்தால் செட் அதற்கு முந்தியதாக இருக்க வழியில்லை. அதற்குப் பதில் டாவென்ட்ரி என்று இருந்தால் அநேகமாக முந்தியது. 1950 மார்ச் 15 அன்று கோபன்ஹேகன் ஒப்பந்தப்படி ஐரோப்பிய நிலையங்கள் கூட்டமாக இடம் மாறின. ஆகவே ஒரே கம்பெனியின் ஒரே மாதிரியான இரண்டு செட்டுகளில் ஊர்கள் கொஞ்சம் தள்ளித் தள்ளி அச்சாகியிருந்தால் அச்சுப்பிழை என்று நினைக்க வேண்டாம். டயலில் மீட்டர் கணக்கு மட்டும் இருந்தால் 300,000-ஐ அதால் வகுங்கள், கிலோஹெர்ட்ஸ் கிடைக்கும். 300 மீட்டர் என்றால் 1000.

மேஜிக் ஐ என்ற பச்சைக் கண்ணையும் கவனியுங்கள். நிலையம் சரியாகப் பிடிபட்டதும் அதன் நிழல் சுருங்கும். முதலில் வந்த 6ஈ5, 1935-ல் வெளியானது, வட்டக் கண். விசிறி போலவோ நீளப் பட்டை போலவோ ஒளிரும் ஐரோப்பியக் கண்கள் 1950-களின் செட்டுகளுக்கு உரியவை.

இங்கே ஒரு எச்சரிக்கை. டயல் கண்ணாடியின் எழுத்துகள் பெரும்பாலும் பின்பக்கத்தில் அச்சிடப்பட்டவை. வெளிப்பக்கத்தை ஈரத்துணியால் துடைக்கலாம். உள்பக்கத்தைத் துடைத்தால் ஹில்வர்சமும் லக்சம்பர்கும் துணியோடு வந்துவிடும். அங்கே உலர்ந்த மெல்லிய பிரஷ் மட்டும்.

வால்வும் சாக்கெட்டும்

பின்பக்க அட்டையைக் கழற்றுங்கள். வால்வுகளை மாற்றியிருக்கலாம், சாக்கெட்டுகளை மாற்றுவது அரிது. அதனால் பார்க்க வேண்டியது கால்களின் அமைப்பு. நான்கு முதல் ஏழு வரை தடிமனான கால்கள் இருந்தால் 1920-களின் கடைசி முதல் 1930-களின் நடு வரை. நடுவில் ஒரு தடித்த சாவிக் குச்சியும் சுற்றி எட்டுக் கால்களும் இருந்தால் அது ஆக்டல், 1935-க்குப் பிறகு. அடிப்பாகமே இல்லாமல், கண்ணாடியிலிருந்து நேராக ஏழு மெல்லிய கம்பிகள் நீட்டிக்கொண்டிருக்கும் குட்டி வால்வு 1939-ல் வந்தது. மேஜை செட்டுகளில் பரவியது போருக்குப் பிறகு. ஒன்பது கம்பி என்றால் பெரும்பாலும் 1950-கள். ஒரு ரேடியோ, அதில் இருக்கும் சாக்கெட்டுகளிலேயே புதிய வகையைவிடப் பழையதாக இருக்க முடியாது.

வால்வின் எண்ணையும் படிக்கலாம். அமெரிக்க எண்ணில் முதலில் வருவது ஹீட்டரின், அதாவது உள்ளே சூடாகும் இழையின், மின்னழுத்தம்: 6 என்றால் 6.3 வோல்ட், 12 என்றால் 12.6, 35-ம் 50-ம் அப்படியே. ஒரு செட்டில் 12எஸ்ஏ7, 12எஸ்கே7, 12எஸ்க்யூ7, 50எல்6, 35இசட்5 என்று ஐந்தும் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். கூட்டிப் பாருங்கள்: 12.6 மூன்று தடவை 37.8, அதோடு 50, அதோடு 35. மொத்தம் 122.8. அமெரிக்க வீட்டு மின்சாரத்துக்குக் கிட்டத்தட்ட அதே அளவு. அதாவது ஐந்து ஹீட்டரையும் வரிசையாக இணைத்து நேராக மெயினில் மாட்டியிருக்கிறார்கள், டிரான்ஸ்பார்மரே கிடையாது. விலை மலிவாயிற்று, ஆனால் சேசிஸ் உலோகத்திலேயே ஷாக் அடிக்க வாய்ப்பு உண்டு. குமிழ் கழன்றுபோய் இரும்புத் தண்டு மட்டும் வெளியே நின்றால் அதைத் தொடுவதும் ஆபத்து. வால்வு எண்களைக் கூட்டிப் பார்க்கும் பழக்கம் வரலாற்றுக்கு மட்டுமல்ல, உயிருக்கும் நல்லது.

ஐரோப்பிய வால்வுகளின் பெயரே ஒரு முகவரி. ஈசிஎச்81-ஐ எடுத்துக்கொள்வோம். ஈ என்றால் ஹீட்டர் 6.3 வோல்ட். சி என்றால் உள்ளே ஒரு டிரையோடு, அதாவது கேத்தோடு, வலை, ஆனோடு மூன்றும் கொண்ட பகுதி. எச் என்றால் கூடவே அலைகளைக் கலக்கும் பகுதி. 8 என்றால் ஒன்பது கம்பிக் கால். அதே வேலையைச் செய்யும் ஈசிஎச்35-ல் 3 என்பது ஆக்டல். ஈசிஎச்42-ல் 4 என்பது ரிம்லாக் என்ற இடைக்கால வகை. 35, 42, 81 என்று அந்த மூன்றையும் வரிசையாக வைத்தாலே போருக்கு முன்பிருந்து 1950-களின் நடு வரை ஒரு கோடு போட்டுவிடலாம். முதல் எழுத்து யூ என்றால் ஹீட்டர்களை வரிசையாக இணைக்கும் வகை, எனவே அந்தச் செட்டின் சேசிஸிலும் கவனம் தேவை.

வால்வின் மேல் அச்சான எண் விரல் பட்டாலே போய்விடும், துடைக்க வேண்டாம். மங்கியிருந்தால் அதன்மேல் வாயால் ஊதி ஆவி படியவிட்டு, சாய்வான வெளிச்சத்தில் பாருங்கள். எழுத்து ஒரு நொடி தெரிந்து மறையும். கண்ணாடிக்குள் வெள்ளிக் கண்ணாடி போல ஒரு திட்டு இருப்பது நல்ல அறிகுறி. அந்தத் திட்டு பால் வெள்ளையாகியிருந்தால் உள்ளே காற்று புகுந்துவிட்டது, வால்வு போய்விட்டது.

அப்புறம் லேபிள். பெட்டியின் உட்சுவர், அடிப்பாகம், பின் அட்டை, சேசிஸின் பின் விளிம்பு எல்லாவற்றிலும் டார்ச் அடியுங்கள். எந்த வால்வு எங்கே என்று வரைந்த தாள் கிடைத்தால் பாதி வேலை முடிந்தது. பில்கோவில் 1930-களின் பிற்பகுதி மாடல் எண்கள் 37-, 38- என்று தொடங்கும். அது மாடல் ஆண்டு. சில்வர்டோன் போன்ற பெயர்கள் தயாரிப்பாளருடையவை அல்ல, விற்ற கடையுடையவை. சேசிஸ் எண்ணின் முதல் பகுதிதான் யார் செய்தது என்று காட்டும். அமெரிக்க ஸ்பீக்கரின் விளிம்பிலும் ஒரு எண் இருக்கலாம். 220829 என்றால் 220 ஜென்சன் கம்பெனி, 8-ல் முடியும் வருடம், 29-ஆவது வாரம். 1948-ஆ 1958-ஆ என்பதை டயலிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

மரமா, மரம் போன்ற படமா?

முழுக்கட்டை மரத்தில் செய்த மேஜை ரேடியோ அபூர்வம். பிளைவுட்டின்மேல் வால்நட் போன்ற நல்ல மரத்தின் மெல்லிய சீவலை, அதாவது வெனீரை, ஒட்டியிருப்பார்கள். ஒரே துண்டை இரண்டாகப் பிளந்து புத்தகம் போல விரித்து ஒட்டினால், ரேகைகள் நடுக்கோட்டின் இரு பக்கமும் ஒன்றின் பிம்பம் ஒன்றாக விழும். முகப்பில் இதைப் பார்த்தால் நல்ல வேலைப்பாடு என்று அர்த்தம்.

சில செட்டுகளில் அந்தக் கண்கவர் ரேகை மரமே அல்ல, சாதா மரத்தின்மேல் அச்சிட்ட படம். மூலை தேய்ந்த இடத்தில் படம் உரிந்து உள்ளே வெறும் வெளிர் மரம் எட்டிப் பார்க்கும். இதைத் தெரிந்துகொள்ளாமல் உப்புத்தாள் போட்டுத் தேய்த்தால் அந்த அழகு மொத்தமும் தூளாகப் போய்விடும், திரும்ப வராது. பொதுவாகவே பழைய பாலிஷை உரித்தெடுக்கும் அவசரம் வேண்டாம் என்பது என் கட்சி. அழுக்கை எடுத்து லேசாக மெழுகு போட்டாலே பாதிப் பெட்டிகள் உயிர் பெற்றுவிடும். அடியில் மாவு மாதிரித் தூள் கொட்டினால் மரம் உளுத்திருக்கிறது. மற்ற மரச்சாமான்களிடமிருந்து முதலில் தள்ளி வையுங்கள்.

ஒட்டுப் போட்டதும் போலியும்

ஒரு ரேடியோவின் பெட்டியில் இன்னொன்றின் சேசிஸை வைத்து விற்பது சகஜம். குமிழ்த் தண்டுகள் ஓட்டைகளின் நடுவில் வராமல் ஓரத்தில் உரசும். அடியில் பயன்படாத திருகாணி ஓட்டைகள் இருக்கும். லேபிளில் ஆறு வால்வு, உள்ளே ஐந்து சாக்கெட். இதில் ஒன்று இருந்தாலே சந்தேகப்படலாம்.

அப்பட்டமான நகல்கள் வேறு. கதீட்ரல் வடிவத்தில் பிற்காலத்தில் டிரான்சிஸ்டர் ரேடியோக்கள் நிறைய வந்தன. டயலில் 88–108 பண்பலை இருக்கும், பக்கவாட்டில் கேசட் போடும் வாய்கூட இருக்கும். 1931-ல் பண்பலை ஒலிபரப்பே இல்லை என்பது தெரிந்தால் இதில் ஏமாற மாட்டீர்கள்.

முதல் ரேடியோ வாங்குகிறவர்களுக்கு நான் சொல்வது: பேசாத ரேடியோவை வாங்கலாம், டயல் கண்ணாடி உடைந்ததை வாங்காதீர்கள். மின்கோளாறு அநேகமாகச் சரியாகும். கண்ணாடி, மூலக் குமிழ்கள், பின் அட்டை இவை தொலைந்தால் அதே மாடலின் இன்னொரு பிணத்தைத் தேடி அலைய வேண்டும். ஸ்பீக்கரும் அப்படித்தான். 1930-களின் ஸ்பீக்கர்களில் பெரும்பாலும் நிரந்தரக் காந்தம் இல்லை. மின்சாரத்தால் காந்தமாகும் பெரிய சுருள் இருக்கும். மின்சாரத்தைச் சீராக்கும் வேலையையும் பல செட்டுகளில் அந்தச் சுருளே செய்கிறது. கையில் கிடைத்த ஏதோ ஒரு ஸ்பீக்கரை அதற்குப் பதிலாக மாட்ட முடியாது.

பிளக்கைச் செருகுவதற்கு முன்

மெழுகுத் தாள் கண்டன்சர்கள் இந்த வயதில் அநேகமாக எல்லாமே கசியும். அதிலும் கடைசி வால்வின் வலைக்குப் போகும் கண்டன்சர் கசிந்தால், அந்த வால்வில் மின்னோட்டம் எகிறி, வால்வும் அவுட்புட் டிரான்ஸ்பார்மரும் சேர்ந்து கருகும். மின்சாரத்தைச் சீராக்கும் பெரிய எலெக்ட்ரோலிட்டிக் கண்டன்சர்கள் உலர்ந்திருக்கும். 1930-களின் கடைசி வாக்கில் வந்த ரப்பர் உறை ஒயர்கள் தொட்டாலே உதிரும். சில பெட்டிகளில் வால்வுச் சூட்டிலிருந்து மரத்தைக் காக்க ஆஸ்பெஸ்டாஸ் தாள் ஒட்டியிருப்பார்கள். சாம்பல் வெள்ளையாக அட்டை போல ஏதாவது கண்ணில் பட்டால் சுரண்டவோ ஊதவோ வேண்டாம்.

உள்ளே 250 முதல் 350 வோல்ட் டிசி சாதாரணம். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் கண்டன்சரில் மின்சாரம் தங்கியிருக்கும். பழக்கம் இல்லாதவர்கள் கண்டன்சர் மாற்றும் வேலையை வால்வு செட் தெரிந்த மெக்கானிக்கிடம் விடுவதே சரி. எந்த வோல்டேஜுக்கான செட் என்று பின் லேபிளில் பார்த்துக்கொள்ளுங்கள். 110 வோல்ட் செட்டை 230-ல் மாட்டினால் கதை அங்கேயே முடிந்தது. கண்டன்சர்களை மாற்றிய பிறகும் முதல் தடவை, பழைய இழை பல்பு ஒன்றைத் தொடரில் வைத்துத்தான் மின்சாரம் கொடுப்பார்கள். பல்பு முழுப் பிரகாசத்தில் எரிந்துகொண்டே இருந்தால் உள்ளே எங்கோ ஷார்ட். ஒரு கணம் பளிச்சிட்டு மங்கினால் நல்லது.

அரை நிமிடம் பொறுங்கள், வால்வு சூடாக வேண்டும். ஏரியல் முனையில் சில மீட்டர் ஒயரைக் கட்டிவிடுங்கள். நிலையத்துக்குப் பதில் வெறும் கரகரப்பும் இரைச்சலும் வந்தால் உடனே செட்டைச் சந்தேகிக்க வேண்டாம். முதலில் அறையில் இருக்கிற எல்இடி பல்பையும் போன் சார்ஜரையும் அணைத்துப் பாருங்கள்.